பார்க்கை விட்டு கியர் லிவர் நகரவில்லையா? முதலில் பிரேக் லைட்டைப் பாருங்கள்

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஏசி ஓடுகிறது, பிரேக்கை மிதித்தபடி கியர் லிவரை இழுக்கிறீர்கள். பார்க் ('P') நிலையை விட்டு அது அசையவே இல்லை. ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய புதிதில் இப்படி நடந்தால், கியர்பாக்ஸே போய்விட்டது என்று நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச், ஒரு ஃபியூஸ், லிவருக்கு அடியில் இருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தப் பூட்டு, இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

எதையும் சோதிப்பதற்கு முன் ஒன்று: லிவரை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். உள்ளே அதைப் பிடித்து வைத்திருப்பது பல கார்களில் வெறும் பிளாஸ்டிக் கொக்கிதான். அது உடைந்தால், ஒரு ஃபியூஸோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, லிவர் அசெம்ப்ளியையே மாற்றுவதில் போய் நிற்கும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் பார்க் என்ற நிலை இருக்கிறதா? மாருதியின் ஏஜிஎஸ் போன்ற ஏஎம்டி வண்டிகளில் (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் வகை) அது கிடையாது. நியூட்ரல், ரிவர்ஸ், டிரைவ் போன்ற நிலைகள்தான். அந்த வகை வண்டியில் கியர் விழவில்லை என்றால் காரணங்கள் வேறு, இந்தக் கட்டுரை உதவாது. டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டூயல் கிளட்ச் என்று பார்க் நிலை உள்ள ஆட்டோமேட்டிக் வகைகளுக்குத்தான் இது.

உள்ளே இருப்பது இரண்டு பூட்டுகள்

பார்க்கில் போட்டதும் இரண்டு தனித்தனிப் பூட்டுகள் விழுகின்றன. இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் பூட்டு கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. சக்கரங்களை ஓட்டும் தண்டோடு ஒரு பல்சக்கரம் இருக்கும். அதன் பல்லிடையில் ஓர் இரும்பு நாக்கு விழுந்து தண்டைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். வண்டி உருளாமல் நிற்பது இதனால்தான்.

இரண்டாவது பூட்டு லிவருக்கு அடியில், இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள கன்சோலுக்குள் இருக்கிறது. ஷிஃப்ட் லாக் என்று இதைச் சொல்வார்கள். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பிரேக்கையும் மிதித்தால், பெடல் ஸ்விட்சில் இருந்து சிக்னல் போகும். அது கிடைத்ததும் சோலனாய்டு 'டிக்' என்று கொக்கியை இழுத்து லிவரை விடுவிக்கும்.

பிரேக்கை மிதித்தால்தான் நகர வேண்டும் என்ற இந்த ஏற்பாடு சும்மா வந்ததல்ல. 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகவே சீறிப் பாய்கின்றன என்று பெரிய புகார் எழுந்தது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1989-இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய சம்பவங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை ஓட்டுநர் மிதித்ததுதான் என்றது. கால் பிரேக்கில் இருந்தாலொழிய பார்க்கை விட்டு வரக்கூடாது என்ற பூட்டை ஆடி அந்தச் சமயத்திலேயே தன் கார்களில் பொருத்தியது. பிறகு மற்ற கம்பெனிகளும் பொருத்தின. 2010 செப்டம்பர் 1 முதல் தயாராகும், மொத்த எடை 4,536 கிலோ வரையிலான வண்டிகளில் பார்க் நிலை இருந்தால் இந்தப் பூட்டும் இருந்தாக வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். காருக்குள் விளையாடும் குழந்தை லிவரை இழுத்து வண்டி உருண்டு போவதையும் இது தடுக்கிறது. அதனால் "இந்தத் தொல்லையே வேண்டாம், பூட்டை நிரந்தரமாக எடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தொடங்குவதற்கு முன்

ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து வையுங்கள். டயருக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடுங்கள். வண்டிக்கு எதிரிலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. லிவர் திடீரென்று விடுபட்டால் வண்டி உருளும்.

அப்புறம், சாதாரண விஷயங்களை முதலில் கழித்துவிடுவோம். சாவி போடும் வண்டி என்றால் சாவி 'ஆன்' வரை திரும்பியிருக்கிறதா? பாட்டு மட்டும் கேட்கும் நிலையில் நின்றால் பல கார்களில் லிவர் விடுபடாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டு வெளிச்சம் மட்டும் வரும், எஞ்சின் ஓடாது. ஏசி காற்று வருவதைப் பார்த்து வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது புதியவர்களிடம் சகஜம்.

எஞ்சின் ஓடாதபோது பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டால் அது கல் மாதிரி இறுகிவிடும். பிரேக் பூஸ்டரில் இருந்த வெற்றிடம் தீர்ந்துபோவதால் வருவது அது, கோளாறு அல்ல. ஆனால் இறுகிய பெடலை லேசாக மிதித்தால் ஸ்விட்ச் வேலை செய்யும் அளவுக்குக் கீழே இறங்காது. அழுத்தி மிதியுங்கள். பெடலுக்கு அடியில் தண்ணீர் பாட்டிலோ மடங்கிய மேட்டோ கிடக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

பிரேக் லைட் சொல்லும் சேதி

இதுதான் மிக முக்கியமான சோதனை, காசு செலவில்லாதது. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு லைட்டுகள் எரிகின்றனவா? உதவிக்கு ஆள் இல்லை என்றால், போனை வண்டிக்குப் பின்னால் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே மிதித்துப் பாருங்கள். இருட்டில் சுவருக்கு முன் நிற்கும் வண்டி என்றால் கண்ணாடியிலேயே சிவப்பு வெளிச்சம் தெரியும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரேக் லைட்டை எரிய வைப்பதும், லிவரை விடுவிக்கச் சொல்வதும் பெரும்பாலான கார்களில் ஒரே ஸ்விட்ச்தான். ஆகவே லிவர் நகர மறுப்பது, உங்கள் பிரேக் லைட்டுகள் செத்துவிட்டன என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். பின்னால் எரியாததை ஓட்டுபவரால் பார்க்க முடியாது. எப்படியோ லிவரை விடுவித்துக்கொண்டு இரவில் நெடுஞ்சாலைக்குப் போனால், நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரியவே தெரியாது.

ஒரு லைட்டும் எரியவில்லை என்றால் சந்தேகம் ஃபியூஸ் மீதும் ஸ்விட்ச் மீதும். எல்லாம் எரிந்தால், சோலனாய்டு பக்கம் போகலாம். இடது, வலது, நடு என்று மூன்றில் ஒன்று மட்டும் எரியாவிட்டால் அது பல்பு போனது. அதை மாற்றுங்கள், லிவர் பிரச்சினைக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

நான்காவதாக ஒன்று உண்டு, பலரும் கவனிக்காதது. காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருப்பது. அப்போது பிரேக்கை மிதிக்காமலே லிவர் நகரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரி டவுன் ஆகி, காலையில் லிவரும் அசையாது, செல்ஃபும் எடுக்காது. பேட்டரியை மட்டும் மாற்றினால் மறுநாளும் அதே கதைதான்.

ஃபியூஸ்

ஃபியூஸ் பெட்டி ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே டாஷ்போர்டுக்குக் கீழும், பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்திலும் இருக்கும். மூடியின் உட்புறத்தில் அல்லது கையேட்டில் படம் இருக்கும். 'ஸ்டாப்' என்றோ 'பிரேக்' என்றோ குறித்த ஃபியூஸைத் தேடுங்கள். 10 அல்லது 15 ஆம்பியராக இருப்பது வழக்கம். இக்னிஷனை அணைத்துவிட்டு, பெட்டிக்குள்ளேயே இருக்கும் சின்ன இடுக்கியால் பிடுங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் உள்ள கம்பி அறுந்திருந்தால் போய்விட்டது. அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். 10 இருந்த இடத்தில் 20 போட்டால் அடுத்து எரியப்போவது ஒயர்.

புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. டிக்கி ஸ்பாய்லரில் கூடுதலாக மாட்டிய எல்இடி பட்டை, பிரேக் லைட் ஒயரில் இருந்து கிளை எடுத்த அலங்கார விளக்கு, எலி கடித்த ஒயர் என்று அந்த வரிசையில் தேடச் சொல்லி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். வெளியில் மாட்டிய சாமான் எதுவும் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருடைய தேடல் பாதியாகக் குறையும்.

பெடல் ஸ்விட்ச்

டார்ச்சை எடுத்துக்கொண்டு பெடலின் மேல் நுனியைப் பாருங்கள். பெடல் கையைத் தொட்டபடி ஒரு சின்ன ஸ்விட்ச் நிற்கும். கால் வைக்காதபோது பெடல் கை அதன் முனையை உள்ளே அழுத்தி வைத்திருக்கும், லைட் அணைந்திருக்கும். மிதித்ததும் முனை வெளியே வரும், லைட் எரியும். முனை அழுக்கேறி உள்ளேயே மாட்டிக்கொண்டாலோ, உள்ளிருக்கும் செம்புத் தொடுப்பு தேய்ந்தாலோ லைட்டும் எரியாது, லிவரும் வராது. பெடலைக் கையால் கீழே தள்ளிக்கொண்டு முனை வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஸ்விட்சில் செருகிய கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காலடி மேட்டில் நீலமாகவோ பச்சையாகவோ பிளாஸ்டிக் தூள் கிடக்கிறதா? அதைப் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். ஸ்விட்ச் முனை வந்து இடிக்கும் இடத்தில் பெடல் கையில் ஒரு துளை இருக்கும். அதை ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் அடைத்திருக்கும். பழைய ஹோண்டா போன்ற வண்டிகளில் இந்தப் பொத்தான் நாள்பட நொறுங்கி உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் ஸ்விட்ச் முனை துளைக்குள் நுழைந்து, எப்போதும் பிரேக் மிதித்தது போலவே வண்டி நினைத்துக்கொள்ளும். மேலே சொன்ன நான்காவது நிலைமை பெரும்பாலும் இதனால்தான். புதுப் பொத்தான் மிக மலிவு, ஸ்விட்சையே மாற்றத் தேவையில்லை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஸ்விட்சின் ஒயர்களைச் சோதிக்கலாம். இக்னிஷன் ஆனில், ஒரு பக்கம் எப்போதும் சுமார் 12 வோல்ட் வர வேண்டும். மறுபக்கத்தில் மிதித்தால் மட்டும் வர வேண்டும். ஒரு பக்கம் வந்து, மிதித்தும் மறுபக்கம் வராவிட்டால் ஸ்விட்ச் போய்விட்டது. இரண்டிலும் வராவிட்டால் ஃபியூஸுக்கோ அதற்கு முந்தைய ஒயருக்கோ திரும்புங்கள். மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறையோ உள்ள ஒயர்களைத் தொட வேண்டாம், அவை ஏர்பேக்குக்குப் போகிறவை.

பல கார்களில் ஒரே ஸ்விட்சுக்குள் இரண்டு ஜோடித் தொடுப்புகள் இருக்கும். ஒன்று லைட்டுக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. லைட் எரிந்தும் லிவர் வராமல், ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கும் வந்துபோனால் இரண்டாவது ஜோடியைச் சந்தேகியுங்கள். ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டினால், பிரேக் மிதித்தது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா என்று திரையிலேயே பார்க்கலாம்.

'டிக்' கேட்கிறதா?

பிரேக் லைட் எல்லாம் சரி. இப்போது எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி, லிவர் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு பிரேக்கை மிதியுங்கள்.

சத்தம் வராவிட்டால் சோலனாய்டுக்கு மின்சாரம் போகவில்லை அல்லது அது எரிந்துவிட்டது. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் வராது. டாஷ்போர்டு எரியப் போதுமான மின்சாரம், கொக்கியை இழுக்கப் போதாமல் போகும். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். சில வண்டிகளில் ஷிஃப்ட் லாக்குக்கென்று தனி ஃபியூஸும் உண்டு.

சத்தம் வந்தும் லிவர் நகராவிட்டால் சிக்கல் இயந்திரப் பக்கம். டீயும் ஜூஸும் சிந்திக் காய்ந்து, பிசினாகக் கொக்கியைப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கப் வைக்கும் குழி லிவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே! நாணயம், பேனா மூடி, குழந்தையின் பொம்மைத் துண்டு இடுக்கில் விழுந்திருக்கலாம். லிவர் பட்டன் தொளதொளவென்று ஆடினால் அதன் உள்ளே உள்ள தண்டு உடைந்திருக்கும். கன்சோலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், புதியவர்கள் தாமே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் அதற்கு அடியில்தான் இருக்கிறது.

சரிவில் நின்ற வண்டி

பட்டன் உள்ளே போகிறது, லிவர் நகரப் பார்க்கிறது, ஆனால் பயங்கரக் கனமாக இருக்கிறது. வண்டி நிற்பது சரிவில். இது முதல் பூட்டின் வேலை. ஹேண்ட்பிரேக் போடாமல் பார்க்கில் மட்டும் போட்டு இறங்கியிருப்பீர்கள். வண்டியின் மொத்தப் பாரமும் அந்த இரும்பு நாக்கின் மேல் சாய்ந்து அதைப் பல்லிடையில் நெரித்துவிட்டது.

ஒருவர் உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு பிரேக்கில் காலை வைத்திருக்க, மற்றவர்கள் மேட்டுப் பக்கமாக வண்டியைத் தள்ள வேண்டும். தள்ளும் நொடியில் மட்டும் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, ஓரிரு அங்குலம் ஏறியதும் மீண்டும் அழுத்திப் பிடித்து லிவரை எடுக்க வேண்டும். செங்குத்தான சரிவில் இப்படிச் செய்யாதீர்கள். பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளுபவர் மேலேயே வண்டி இறங்கும். அங்கே ரெக்கவரி வண்டியின் கயிற்றைக் கட்டி மேலிருந்து இழுப்பதுதான் சரி.

இது மீண்டும் வராமலிருக்க ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் நிறுத்தும் வரிசையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிரேக்கை மிதித்து நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். பிறகு காலை மெல்ல எடுங்கள், பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்காரும். மறுபடி பிரேக்கை மிதித்து, கடைசியாகப் பார்க்.

உடனே கிளம்பியாக வேண்டும் என்றால்

லிவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடியோ 'ஷிஃப்ட் லாக்' என்று எழுதிய பட்டனோ இருக்கிறதா பாருங்கள். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் என்று பல கம்பெனி வண்டிகளில் உண்டு. ஹேண்ட்பிரேக் போட்டு, கையேட்டில் சொன்ன இக்னிஷன் நிலையில் வைத்து, மெல்லிய திருப்புளியால் மூடியை நெம்பி எடுங்கள். கீறல் விழாமலிருக்க முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பிரேக்கை மிதித்தபடி துளைக்குள் சாவியையோ திருப்புளியையோ விட்டு அழுத்தி, லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவி, ரிமோட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நியூட்ரலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாம். பேட்டரி டவுன் என்பதால் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய நினைக்காதீர்கள், ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது, வேறொரு பேட்டரியோடு இணைத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்வதுதான் வழி.

பிரேக் லைட் எரிகிறது என்றால் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். எரியவில்லை என்றால் வண்டியை ஓரமாக நகர்த்தி நிறுத்த மட்டும் இந்தத் துளையைப் பயன்படுத்துங்கள்.

லிவர் நகர்ந்தும் கியர் மாறாவிட்டால்

இது வேறு நோய். லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கேபிளின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும். அது தேய்ந்து கழன்றால் லிவர் இங்கே வரும், கியர்பாக்ஸ் அங்கேயே நிற்கும். ஆபத்தானது எதிர்த் திசையில்தான்: லிவர் பார்க்கில் இருப்பதாகத் தெரியும், உள்ளே பார்க் விழுந்திருக்காது. ஹேண்ட்பிரேக் இல்லாமல் இறங்கினால் வண்டி உருண்டு போகும். கனடா போன்ற குளிர் நாடுகளில் கேபிளுக்குள் ஈரம் உறைந்தோ, சாலை உப்பால் துருப்பிடித்தோ இறுகுவதும் உண்டு.

வட்டத் திருகு, பட்டன், குட்டி ஜாய்ஸ்டிக் போன்ற லிவர் உள்ள புது வண்டிகளில் கேபிளே கிடையாது, எல்லாம் மின்சாரம். பேட்டரி வோல்டேஜ் குறைந்தாலே பார்க்கில் நின்றுவிடும். முதலில் பேட்டரி, அடுத்து பிரேக் லைட், அதற்கு மேல் ஸ்கேனர். அவசரத்துக்கு விடுவிக்கும் முறை ஒவ்வொரு மாடலிலும் வேறு வேறு, கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

"கியர் விழல" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரேக் லைட் எரிகிறதா, 'டிக்' கேட்கிறதா, பட்டன் உள்ளே போகிறதா, நிற்பது சமதளமா சரிவா என்று நான்கையும் சொல்லுங்கள். எந்த உதிரி பாகத்தோடு வர வேண்டும் என்று அவருக்குப் போனிலேயே தெரிந்துவிடும்.

இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தால், பார்க்கில் பூட்டிய சக்கரங்களைத் தரையில் தேய்த்தபடி இழுக்க விடாதீர்கள். முன்சக்கர டிரைவ் வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டு இழுக்கலாம். நான்கு சக்கர டிரைவ் என்றால் மேடை உள்ள லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எந்த வண்டி என்பதை ரெக்கவரி ஆளிடம் போனிலேயே சொல்லிவிட்டால், தவறான வண்டியை அனுப்பிவிட்டு அவர் திரும்பிப் போக வேண்டியிருக்காது.